பேச்சும் கணக்கும்

1976-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி இரவு அமெரிக்காவில் ஒரு விசித்திரம் நடந்தது. பிலடெல்பியா நகரத்து நாடகசாலை ஒன்றில், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட இரண்டு பேர் மேடையேறி விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெரால்டு போர்டு. மற்றவர் ஜார்ஜியா மாகாணத்தின் முன்னாள் கவர்னர் ஜிம்மி கார்ட்டர். கோடிக்கணக்கான ஜனங்கள் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கார்ட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒலிக்கருவி பழுதாகிவிட்டது. படம் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பழுது பார்த்து முடிக்க 27 நிமிஷம் பிடித்தது. ஏறக்குறைய அந்த நேரம் முழுவதும் இரண்டு பெரிய மனிதர்களும் தத்தம் மேஜைக்குப் பின்னால் நின்றது நின்றபடி நின்றார்கள். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் உட்காருகிறவர் களைத்தவராகத் தோன்றிவிடுவாரோ என்ற பயம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. ஒலிபெருக்கி நின்றவுடன் ஒரு அரசியல்வாதியிடம் மிச்சம் இருப்பது என்ன?

அமெரிக்கர்களுடைய தேர்தல் விவாதத்தைப் பற்றி நம்மவர்களில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. "பாருங்கள், அங்கேயெல்லாம் இரண்டு அபேட்சகர்களும் நேருக்கு நேர் நின்று வாதாடுகிறார்கள், நம் ஊரிலே உண்டா?" என்று பெருமூச்சு விடுவார்கள். இந்தப் பெருமூச்சு முழுவதும் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். 1858-ல் இல்லினாய் மாகாணத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் விவாதம் செய்தார்கள். அது ஜனாதிபதி பதவிக்கு அல்ல, செனட் ஸ்தானத்திற்கு. முதலில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். அடுத்தவர் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லுவார். முதலாமவர் மறுபடி அரைமணி பேசி முடிப்பார். ஆக மூன்று மணி நேரம். வெயிலிலும் தூசியிலும் ஜனங்கள் நின்று கேட்டார்கள். பேசப்பட்ட விஷயமும் லேசானதல்ல. மனிதனை மனிதன் அடிமையாக வைத்துக்கொள்வது பரவலாமா, கூடாதா என்பது. செனட் ஸ்தானம் டக்ளஸுக்கே போயிற்று. ஆனாலும் இரண்டு வருஷங்களுக்குப் பிறகு லிங்கன் ஜனாதிபதி ஆனார்.

அதற்கும் 1960-க்கும் நடுவே ஒரு நூற்றாண்டு. அந்த வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி சிகாகோ நகரத்தில் கென்னடியும் நிக்ஸனும் டெலிவிஷன் காமிராவுக்கு முன்னால் நின்றார்கள். ஏறக்குறைய 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்ஸன் முழங்கால் உபாதையினால் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார், உடம்பு இளைத்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. கென்னடி வெயிலில் காய்ந்து, பளபளவென்று இருந்தார். மறுநாள் ஜனங்கள் பேசிக்கொண்டது கொள்கையைப் பற்றி அல்ல, முகத்தைப் பற்றி. ரேடியோவில் கேட்டவர்கள் நிக்ஸன் ஜெயித்தார் என்றும், படத்தில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்குச் சான்று மிகக் குறைவு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் அரசியல்வாதிகள் அந்தக் கதையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் நடந்த 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விவாதமே நடக்கவில்லை. நான்காவது தேர்தலில்தான், மேலே சொன்ன 27 நிமிஷ மௌனத்தோடு, மறுபடி ஆரம்பித்தார்கள்.

1976, 1980, 1984 ஆகிய தேர்தல்களில் இந்த விவாதங்களை நடத்தி வைத்தது பெண் வாக்காளர் சங்கம். 1988-ல் அந்தச் சங்கத்துப் பெண்மணிகள் ஒரு காரியம் செய்தார்கள். கேள்வி கேட்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, சபையில் யார் உட்காருவது, பத்திரிகைக்காரர்கள் எதுவரை வரலாம் என்பது வரையில் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குள்ளேயே ஒப்பந்தம் செய்துகொண்டு வந்து நீட்டினார்கள். "இது வாக்காளரை ஏமாற்றும் காரியம், இதற்கு நாங்கள் உடந்தையாக இருக்க முடியாது" என்ற கருத்துப்பட அறிவித்துவிட்டு, சங்கம் விலகிக்கொண்டது. சண்டைக்காரர்கள் இருவரும் சேர்ந்தே பந்தல் போட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களையும் அவர்களே பொறுக்கி எடுத்தால் அது சண்டையா, சம்பந்தமா?

அப்புறம் நடந்தவை நாம் பார்த்தவை. 2020 செப்டம்பர் 29-ந் தேதி கிளீவ்லாந்தில் டிரம்பும் பைடனும் பேசியது, குழாயடிச் சண்டையைப் பார்த்துப் பழகியவர்களையும் வெட்கப்படச் செய்தது. அடுத்த தடவை, அக்டோபர் 22-ந் தேதி நாஷ்வில்லில், ஒருவர் பதிலைத் தொடங்கும் முதல் இரண்டு நிமிஷத்துக்கு மற்றவருடைய ஒலிபெருக்கியை அடைத்து வைத்தார்கள். 2024 ஜூன் 27-ந் தேதி அட்லாண்டாவில் சபையோரே வேண்டாம் என்று வெறும் அறையில் நடத்தினார்கள். அன்றிரவு பைடன் தடுமாறிய தடுமாற்றத்தில் அவருடைய அபேட்சகர் அந்தஸ்தே ஆடிப்போய், ஜூலை 21-ந் தேதி போட்டியிலிருந்து விலகினார். லிங்கன் காலத்து மூன்று மணி நேரம் போய், இரண்டு நிமிஷமும் அடைத்த ஒலிபெருக்கியுமாக முடிந்திருக்கிறது.

இதிலே எனக்கு ஏற்படும் சலிப்பு, அவர்கள் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள் என்பதனால் அல்ல. மிகவும் மரியாதையாகப் பேசினாலும் இந்தச் சலிப்பு தீராது. பேச்சு என்பது நாக்கைப் பரீட்சை செய்வது. நாட்டை ஆள்வதற்கு நாக்கு ஒரு கருவிதான். ஏற்கெனவே பதவியில் இருந்தவரிடம் "என்ன செய்தீர்?" என்று கேட்டால், அவர் "இனிமேல் என்ன செய்வேன் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார். பதவியில் இல்லாதவரோ "இவர் என்ன செய்யவில்லை தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார். நடந்து முடிந்த காரியத்தின் கணக்கு மட்டும் நடுவிலே அநாதையாக நிற்கிறது.

நம் ஊரில் இப்படி நேருக்கு நேர் விவாதம் இல்லை. ஆனால் சலிப்பு இருக்கிறது. நாவல் ஒன்றை எழுதி முடிப்பதற்காக ஒரு தேர்தல் சமயத்தில் முட்டுக்காட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பெரிய கழி கடலோடு கலக்கும் இடம் அது. மாலை வேளையில் பாலத்துக்குப் பக்கத்தில் இறாலும் மடவையும் நண்டும் விற்றுக்கொண்டு சில பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் அபேட்சகர் ஒருவர் திறந்த வண்டியில் வந்தார். எந்தக் கட்சி, எந்த வருஷம் என்பது இங்கே அவசியமில்லை. பத்து நிமிஷம் அருமையாகப் பேசினார். வண்டி போன பிறகு, மீன் விற்ற அம்மாளிடம், "என்னம்மா, நன்றாகப் பேசினாரா?" என்று கேட்டேன்.

"பேசறதுக்கு இன்னா சார், நல்லாத்தான் பேசறாரு. போன வாட்டி வந்தவரும் நல்லாத்தான் பேசினாரு. கழி வாயத் தூர் வாரிக் குடுக்கறோம்னாரு. வாரினாங்களா, வாரலியா, அதுக்கு வந்த பணம் எவ்ளோ, போன பணம் எவ்ளோ, அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. இனிமே செய்யப் போறதத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"நீங்கள் கேட்பதுதானே?"

"எங்க சார் கேக்கறது? பேசி முடிச்சதும் பாட்டு போட்டுட்டாங்க. வண்டி கெளம்பிடுச்சு."

அமெரிக்காவில் அத்தனை கோடி செலவழித்து நடக்கும் விவாதத்திலுள்ள குறையை இந்த அம்மாள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. முட்டுக்காடு திருப்போரூர் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. பார்லிமெண்டுக்கோ அது காஞ்சீபுரம் தொகுதி. அந்தத் தொகுதியின் இன்னொரு மூலையில் இருக்கிறது உத்திரமேரூர். இரண்டு ஊர்க்காரர்களும் டில்லிக்கு அனுப்புவது ஒரே மனிதரைத்தான். அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில், அதே தொகுதியில், 1100 வருஷங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது!

செங்கற்பட்டிலிருந்து தென்மேற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-வது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919-ஐச் சேர்ந்தது, மற்றது 14-வது ஆட்சியாண்டு, 921-ஐச் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விவரிக்கின்றன. குடவோலை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் குடத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, குடத்தில் யாருடைய பெயரைப் போடக்கூடாது என்று அவர்கள் விதித்தது நமக்குத் தெரிவதில்லை.

முறை இதுதான். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதியுள்ளவர்களின் பெயரை ஒவ்வொரு குடும்பிலும் ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டுவார்கள். பெரியவர், சிறியவர் எல்லோரும் சபையில் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார்களில் வயதில் மூத்தவர் ஒரு குடத்தை எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விஷயம் ஒன்றும் அறியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு ஓலை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். இன்னொரு ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக்கூடாது அல்லவா? பெயரை அவன் வாசித்த பிறகு, மற்ற நம்பிமார்களும் ஒவ்வொருவராக வாசிப்பார்கள். இப்படி முப்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

தகுதிக்கும் விதி உண்டு. கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி. வயது 919-ல் முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என்று இருந்ததை, இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். முந்தின மூன்று வருஷத்தில் வாரியம் செய்தவன் மறுபடி வரக்கூடாது. விதி சரியாக இல்லை என்று கண்டால் திருத்திக்கொள்ளவும், திருத்தியதைக் கல்லில் வெட்டவும் அவர்கள் தயங்கவில்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். எவனொருவன் முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனானோ, அவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவன் பெயர் மட்டுமல்ல. அவனுடைய பிள்ளை, தகப்பன், உடன்பிறந்தான், மருமகன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மாமன் மகன், அத்தை மகன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் யாருடைய பெயரும் போகக்கூடாது! பிறர் பொருளைத் திருடினவன், பொய்ப் பத்திரம் எழுதினவன், குற்றத்துக்காகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவன் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் கணக்குக் காட்டாதவனுக்குத் தந்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அவன் திருடினான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும். கணக்கு எழுதுகிறவனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்பித்துச் சுத்தன் என்று பெயர் வாங்க வேண்டும். வேறொரு கணக்கனை விட்டு முடிக்கக்கூடாது. "அது எனக்கு முன்னால் இருந்தவர் செய்தது" என்ற வாய்ப்பாடு அங்கே செல்லாது.

இந்த முறையில் பேச்சுக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஓலைக்குப் பேசத் தெரியாது. சபையைப் பார்த்து "எனக்கு வாய்ப்புத் தாருங்கள்" என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய ஏதென்ஸ் நகரத்திலும் பெரும்பாலான உத்தியோகங்களுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். வருஷ முடிவில் ஒவ்வொருவரும் கணக்கு ஒப்பித்தாக வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜனசமூகங்கள் தூர தூரத்தில் இருந்துகொண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. அதிகாரத்தில் இருந்தவனை நாவன்மையால் அளக்காதே; கணக்கால் அள என்பதே அந்த முடிவு.

ஆனால் உத்திரமேரூருக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட நான் தயாராக இல்லை. அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கே குடத்தில் இடம். ஏரியை வெட்டியவனுக்கும் வயலை உழுதவனுக்கும் இடமில்லை. எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை. முட்டுக்காட்டு மீன்கார அம்மாளை அந்தச் சபையில் யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் கைக்கு வோட்டு வந்தது நம் காலத்தில். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1921-ல் வோட்டுரிமை கிடைத்தது. சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல் வயது வந்த எல்லோருக்கும் கிடைத்தது 1951-52 பொதுத் தேர்தலில். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக வாதாடிய ஆந்திர கேசரி பிரகாசம் உத்திரமேரூர்ச் சாஸனத்தை எடுத்துக் காட்டினார். பழம்பெருமை பேசுவதற்கு அது போதும். ஆனால் குடத்தைத் திருப்பிக் கொண்டுவருவது என்றால் அந்த அம்மாளை மறுபடி வெளியே அனுப்புவதாகும். குடம் அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும். கணக்கு விதி மட்டும் வெளியே வந்தால் போதும்.

அது வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் அபேட்சகர் தம் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று வருஷத்துக்குப் போட்டியிட விடாமல் தள்ளிவைக்கலாம் என்று 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுகிறது. சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்பது 2002, 2003-ம் வருஷங்களில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளால் நிலைத்தது. ஆனால் இவை தேர்தல் செலவின் கணக்கும் சொந்தச் சொத்தின் கணக்குமே. ஐந்து வருஷத்துப் பொதுக்காரியத்தின் கணக்கு அல்ல.

அந்தக் கணக்கைக் கேட்க ஒரு இடம் இருக்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தையும், 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து, கிராம சபை கூடுகிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் அது கூடுவது வழக்கம். வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஊராட்சியின் தணிக்கை அறிக்கையை அதன் முன்னால் வைக்க வேண்டும். நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். 2016-ம் வருஷத்துச் சட்டப்படி ஊராட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு. உத்திரமேரூர்ச் சபை மறந்தவர்கள் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. நகரவாசிகளுக்கும் 2022-ல் பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது.

வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் அதற்குப் போயிருக்கிறீர்கள்? அமெரிக்க விவாதத்தை விடிய விடிய விழித்துப் பார்க்கிறோம். மறுநாள் காப்பியை ஆற்றிக்கொண்டே யார் ஜெயித்தார் என்று தர்க்கம் செய்கிறோம். நம் தெருச் சாக்கடைக்கு வந்த பணத்தின் கணக்கை வாசிக்கும் சபையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பேச்சைக் கேட்கக் கூட்டம் வருகிறது. கணக்கைக் கேட்க வருவதில்லை. அரசியல்வாதி கெட்டிக்காரர். கூட்டம் எதற்கு வருகிறதோ அந்தச் சரக்கைத்தான் அவர் கொண்டுவருவார்.

ஜனங்களுக்குப் பேச்சு மயக்கம் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொல்லவும் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் அண்ணாதுரையைவிடச் சிறந்த பிரசங்கி யார்? அவருடைய சொந்த ஊராகிய காஞ்சீபுரத்திலேயே 1962-ல் அவர் தோற்றார். ஜெயித்தவர் நடேச முதலியார். அதே அண்ணாதுரையின் கட்சி 1967-ல் ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. பதவிக்கு வந்த பிறகு சென்னையிலும் கோயமுத்தூரிலும் ரூபாய்க்கு ஒரு படி போட ஆரம்பித்தார்கள். அதை மெச்சியவர்களும் உண்டு, குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் இரு சாராரிடமும் அளப்பதற்குப் படி இருந்தது! சொன்னது மூன்று, கொடுத்தது ஒன்று என்று அடுப்படியில் இருக்கும் பெண்ணும் கணக்குப் போட முடிந்தது. இந்த மாதிரி, படியால் அளக்கக்கூடிய வாக்குறுதியைத்தான் நாம் அரசியல்வாதியிடம் கேட்டு வாங்க வேண்டும். "ஒளிமயமான எதிர்காலம்" என்பதை அளக்க எந்தக் கடையிலும் படி விற்பதில்லை.

ஆகவே விவாதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலோ நம் நாட்டிலோ யாராவது என்னிடம் யோசனை கேட்டால் (கேட்கப்போவதில்லை என்று தெரியும்), ஒன்றே ஒன்று சொல்லுவேன். முதல் அரைமணி நேரம் அபேட்சகர்கள் பேசக்கூடாது. போன தடவை அவர்களும் அவர்கள் கட்சியும் சொன்னது என்ன, வந்த பணம் எவ்வளவு, போன பணம் எவ்வளவு, முடிந்த காரியம் எது, முடியாதது எது என்று நடுநிலையாளர் ஒருவர் ஏடு பார்த்து வாசிக்கட்டும். அதுவரையில் அவர்கள் நின்றுகொண்டு கேட்கட்டும். பிலடெல்பியாவில் 27 நிமிஷம் பேசாமல் நிற்க முடிந்ததே. இன்னும் மூன்று நிமிஷம் நிற்பதில் கஷ்டம் ஒன்றும் இராது.